கீழிருந்து மேலே

இரண்டு நாளாக
பேரணையிலிருந்து வரும் குரல்
வறுகடலை மெல்லும் சத்தமாகத்தான் இருக்கிறது.
"ஆயிரத்து" என்கிறாள் டெய்சி. பிறகு கரகரப்பு.
பிறகு, "கன அடி, ஓவர்."
ஆயிரத்து எத்தனை?
ஆற்றையே கேட்கலாம் என்றால்
அது இன்னும் விரகனூர் வந்து சேரவில்லை.

மீட்டரின் முள் மூன்றில் நிற்கிறது.
அனுப்புவதில் கால்பங்கு
கம்ப உச்சி வரை போய்
கதவு பூட்டியிருக்கக் கண்டு
திரும்பி வந்துவிடுகிறது.

மழை விட்ட ஒரு மணி நேரம்.
சோணைமுத்து கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.
நாற்பதடி. இடுப்பில் வார், வாரில் பை.
மேலே நின்றால்
யானைமலை ஈரத்தில் கறுத்துப் படுத்திருக்கிறது.
சுற்றுச்சாலை லாரிகள் தண்ணீரைக் கிழித்துப் போகின்றன.
மதகுக்கு இந்தப் பக்கம்
ஆகாயத்தாமரை, ஒற்றைச் செருப்பு, மணல்.

டேப்பைக் கீறினேன்.
வெயிலில் உருகிய பசை, விரலில் பாகு மாதிரி.
கனெக்டரின் கழுத்தைத் திருகியதும்
ஒரு மிடறு தண்ணீர்
மணிக்கட்டில் விழுந்து முழங்கை வரை ஓடியது.
சில்லென்று.
போன ஐப்பசியின் தண்ணீராகவும் இருக்கலாம்.
உள்ளே, புளி போட்டுத் துலக்காத செம்பில் பிடிக்குமே,
அந்தப் பச்சைக் களிம்பு.

மழையைக் குறை சொல்ல வழியில்லை.
அது மேலிருந்துதான் வரும், வேறெப்படி வரும்?
சுற்றிய ஆள் மேலே தொடங்கிக் கீழே முடித்திருக்கிறார்.
ஒவ்வொரு மடிப்பும்
வாயைத் திறந்துகொண்டு வானம் பார்த்து நிற்கிறது.
ஓடு வேய்கிறவன்கூட
இறவாரத்தில் தொடங்கித்தானே முகட்டுக்கு ஏறுவான்?
"இது தெரியாத முண்டம் எது?"
என்று கீழே பார்த்துக் கத்தினேன்.
சோணைமுத்து கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தான்.

டேப்புக்கு அடியில் வெள்ளைச் சீட்டு ஒன்று.
மார்க்கரில் தேதி. பக்கத்தில்
பா. தெ.
இப்படிச் சாய்ந்து நிற்கும் கொம்பு
ஊரில் ஒரே ஒரு கைக்குத்தான் வரும்.
மூன்று வருடம் முந்தி, வேலையில் சேர்ந்த மாதம்.
இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு.

கேபிளை ஒரு சாண் வெட்டினேன். பின்னல் கறுப்பு.
இன்னொரு சாண். கறுப்பு.
திரி எண்ணெயை இழுப்பதுபோல
பின்னல் ஈரத்தை இழுத்திருக்கிறது, வருடக்கணக்கில்,
அவசரமே இல்லாமல்.
நான்காவது சாணில்தான் செம்பு
புதுக்காசு நிறத்தில் கண் திறந்தது.
நல்லவேளை, கம்பத்தில் ஒரு சுருள் மிச்சம் கட்டிவைத்திருந்தது.
அதையும் கட்டியது பா. தெ.தான்.

டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர்
சிலிக்கான் பசை ஒரு குழாய் சேர்த்துக் கொடுத்திருந்தார்.
மூடியைத் திறந்தால் ஊறுகாய்க் காடியின் வாடை.
செம்பைத் தின்னும் வாடை.
கீழே போட்டேன்.
வீட்டுக் குளியலறைக்கு ஆகும் என்று
சோணைமுத்து பையில் வைத்துக்கொண்டான்.

பற்றவைக்கும்போது காற்று இரண்டு முறை சுடரை அணைத்தது.
பிறகு கிரீஸ், நகக்கண் அளவு, மரையில்.
பிறகு ரப்பர் டேப்.
பாதி அகலம் ஆகும்வரை இழுத்து,
கீழிருந்து மேலே, பாதி மேல் பாதியாக.
அது தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு
சற்று நேரத்தில் எது முதல் சுற்று, எது கடைசி என்று
எனக்கே தெரியவில்லை.
அதன் மேல் கறுப்பு டேப்.
கடைசிச் சுற்றை மட்டும் இழுக்கக் கூடாது,
சும்மா படுக்கவைக்க வேண்டும்.
இழுத்தால் சித்திரையில் சுருங்கி
நுனி எழுந்து கொடி பிடிக்கும்.

அறைக்குள் நுழையும் இடத்தில்
கேபிளை ஒருமுறை தொங்கவிட்டு ஏற்றினேன்.
சொட்டுவது அங்கேயே சொட்டட்டும்.

முள் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.
"பேரணை, பேரணை, விரகனூர். எண்ணை மறுபடி சொல்லவும். ஓவர்."
டெய்சி சொன்னாள், இலக்கம் இலக்கமாக.
அவள் இருமியதும்
பின்னால் யாரோ டம்ளர் வைத்ததும்கூடக் கேட்டது.
ஆயிரத்து அறுநூற்று நாற்பது.
எழுதிக்கொண்டேன். மணி நான்கு இருபது.
தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்தது.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சோணைமுத்து கேட்டான்:
"முன்னாடி யாருக்கா சுத்துனது?"

"பழைய ஆளு" என்றேன்.